பஃப் கை ஜாக்கெட்: உள்பக்கம் திருப்பிப் பார்த்துத் தைத்தது

இரண்டாம் வருட ஃபேஷன் டிசைன் வகுப்பில், பழைய பத்தாண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இன்றைக்கு உடுத்துகிற மாதிரி ஒரு உடை தைத்து வரச் சொன்னார்கள். பாதிப் பேர் பெரிய புள்ளி போட்ட துணி வாங்க ஓடினார்கள். நான் மதுரைக்கு பஸ் ஏறி, அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1958-இல் அவருடைய கல்யாணத்துக்குத் தைத்த பஃப் கை ஜாக்கெட் அதில் இருந்தது. கல்யாண போட்டோவில் கறுப்பாகத் தெரியும் ஜாக்கெட், நேரில் அரக்கு நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறம் முடிவு செய்யாதீர்கள்.

பழைய உடை கையில் கிடைத்தால் முதலில் உள்பக்கம் திருப்புங்கள். அம்மாச்சியின் ஜாக்கெட்டில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் மெஷினில் போடும் தையல்) இல்லை. ஓரத்தை மடித்து மடித்துத் தைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு இஞ்ச் துணி விட்டிருந்தது. இரண்டு முறை பிரித்துத் தளர்த்திய ஊசித் தடமும் தெரிந்தது. கொக்கி முன்பக்கம். இதையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டேன். பழமை பிரிண்டில் இல்லை, வெட்டில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

அடுத்து, எதை எடுப்பது, எதை விடுவது. கை, கழுத்து, கொண்டை, பொட்டு எல்லாவற்றையும் அப்படியே எடுத்தால் நாடக உடையாகிவிடும். நான் கையை மட்டும் எடுத்தேன். உடம்புப் பகுதிக்கு என்னுடைய அளவு ஜாக்கெட்தான்.

துணி: அரக்கு நிற 2 பை 2, ஜாக்கெட் தைக்கிற பருத்தித் துணி. கடைக்காரர் 80 சென்டிமீட்டர் கிழிக்கப் போனார்; பஃப் கைக்கு அது போதாது, 1 மீட்டர் கேளுங்கள். வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். அரக்கு சாயம் விடும், தனி வாளியில் போடுங்கள்.

இனி கை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். சாதாரணக் குட்டைக் கையை பிரவுன் பேப்பரில் வரையுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் தள்ளி ஒவ்வொரு கோடு. மூன்றையும் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை இஞ்ச் விரித்து வேறு பேப்பரில் ஒட்டுங்கள். நடு உச்சியை முக்கால் இஞ்ச் உயர்த்தி, கீழே நடுவில் அரை இஞ்ச் இறக்கி, வளைவாக வரைந்து முடியுங்கள். என் கைக்குழிச் சுற்று (ஜாக்கெட்டில் கையைப் பொருத்தும் வளைவு) 16 இஞ்ச். விரித்த பிறகு சுருக்க வேண்டியது சுமார் 5 இஞ்ச் வந்தது. உடம்பு பேட்டர்னில் ஷோல்டரை அரை இஞ்ச் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பஃப் தோளில் நிற்காமல் புஜத்தில் தொங்கும்.

நேரே நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். காடாத்துணியில் ஒரு கை தைத்துப் பாருங்கள். நான் முதலில் கைக்குழி முழுக்கச் சுருக்கம் வைத்துவிட்டேன். அக்குளில் துணி திரண்டு, கையை இறக்கவே முடியவில்லை. அம்மாச்சி பார்த்துவிட்டு, “என்னடி, கைக்குள்ள பூசணிக்கா வச்சிருக்கியா?” என்றார். சுருக்கம் ஷோல்டர் தையலுக்கு முன்னே 3 இஞ்ச், பின்னே 3 இஞ்ச், அவ்வளவுதான். மிச்ச இடம் வழவழவென்று உட்கார வேண்டும்.

சுருக்க, மெஷினில் தையலை ஆகப் பெரிதாக வைத்து, கால் இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுங்கள். முனையில் முடிச்சு போடாமல், பாபின் நூல் (அடி நூல்) இரண்டையும் சேர்த்து இழுங்கள். ஒரே வரிசை போட்டால் சுருக்கம் ஒரு பக்கமாகச் சாயும். கைக்குழியில் பொருத்தும்போது கைப்பக்கம் மேலே தெரியும்படி வைத்துத் தைத்தால் சுருக்கத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டே போகலாம்.

கையின் கீழ் ஓரத்தையும் இதேபோல் சுருக்கி ஒரு பட்டியில் சேர்க்க வேண்டும். பட்டியின் நீளம் புஜச் சுற்றளவோடு முக்கால் இஞ்ச், தையலுக்குத் தனியாக விடுங்கள்.

இவ்வளவு செய்தும் என் பஃப் சாயங்காலத்துக்குள் படுத்துவிட்டது. அம்மாச்சியிடம் கேட்டேன். “கஞ்சி போட்டமா, நின்னுச்சு” என்றார். சோற்றுக் கஞ்சி! ஒவ்வொரு துவையலுக்கும் நான் அதைச் செய்யப் போவதில்லை. அதனால் ஆர்கண்டி என்கிற மெல்லிய, விறைப்பான துணியைக் குறுக்காக ஒன்றரை இஞ்ச் அகலம், 8 இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, லேசாகச் சுருக்கி, கையின் உச்சியில் உள்தையலோடு சேர்த்துத் தைத்தேன். வெளியே தெரியாது, பஃப் நிமிர்ந்து நிற்கும்.

பாவாடைக்குப் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்தேன். இடுப்பைப் போல் இரண்டரை மடங்கு அகலம், பார்டர் கீழே, இடுப்பில் பட்டையான பெல்ட். ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது.

பஃப் கையை டேபிளில் விரித்து இஸ்திரி போட்டால் கதை முடிந்தது. சின்னத் துண்டைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தொட்டுத் தொட்டு எடுங்கள். மடித்து வைக்கும்போதும் கைக்குள் ஏதாவது வேண்டும். அம்மாச்சியுடையதில் தாத்தாவின் கைக்குட்டைகள் இருந்தன, ஒரு கைக்கு இரண்டு.