கசக்கற வேர்க்கடலைய துப்பிடுங்க
சட்னிக்கு வேர்க்கடலை வறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டுல கொட்டி பாத்துடுங்க, சுருங்கினது, கறுத்தது, பச்சையா பூஞ்சைப் பொடி படிஞ்சது எல்லாம் குப்பைக்குதான். வறுத்தா சரியாயிடும்னு எங்க அத்தை இன்னும் சொல்றாங்க, ஆகாது, அந்த பூஞ்சை விடற அஃப்ளடாக்சின்ங்கற விஷம் நம்ம அடுப்பு சூட்டுக்கெல்லாம் முழுசா அழியாது, வருஷக்கணக்கா உள்ள போனா லிவர் கேன்சர்ல கொண்டுபோய் விடும். 1960ல இங்கிலாந்துல 1 லட்சத்துக்கும் மேல வான்கோழி செத்தது தீவனத்துல கலந்த பூஞ்சை புடிச்ச கடலைப் புண்ணாக்காலதான்! ஹெபடைடிஸ் பி (லிவரைத் தாக்கற வைரஸ்) இருக்கறவங்களுக்கு ரிஸ்க் பல மடங்கு, அதனால அந்த வைரஸ் இருக்கான்னு காட்டற ஹெச்பிஎஸ்ஏஜி ப்ளட் டெஸ்ட் ஒருதடவை எடுத்துடுங்க, குழந்தை பொறந்தா 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னு நர்ஸ்கிட்ட கேளுங்க. மழைக்காலத்துல கடலை கால் கிலோவுக்கு மேல வாங்காதீங்க, ஈரமில்லாத டப்பால போட்டு இறுக்கி மூடி வைங்க.