மூணாறு பக்கம் குடிவருகிறவர்களுக்கு: கணப்பு மூட்டும் முன் சிம்னியைப் பாருங்கள்

தேனி, போடி, திண்டுக்கல் பக்கமிருந்து வேலை மாற்றலாகியோ, ஹோம்ஸ்டே குத்தகைக்கு எடுத்தோ மூணாறு, தேவிகுளம், வட்டவடை வந்து சேருகிறவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு எல்லாம் விசாரிப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் கணப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. சமவெளியில் அதற்கு வேலையில்லையே. இங்கே டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் உறைநிலை வரை போகும். புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். முதல் குளிரிலேயே விறகை அடுக்கிப் பற்றவைத்துவிடத் தோன்றும். வீட்டுக்காரரிடம் அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: சிம்னியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்? பதில் தெளிவாக வரவில்லையென்றால், செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விறகுப் புகையில் நீராவியும், முழுசாக எரியாத தார்ப்பொருளும் கலந்திருக்கும். சிம்னியின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அவை அங்கேயே குளிர்ந்து படியும். அதுதான் கிரியோசோட். முதலில் தொட்டால் உதிரும் கரி, அடுத்து மொறுமொறுவென்ற கருஞ்செதில், கடைசியில் கறுப்புக் கண்ணாடி பூசியது போன்ற பளபளப்பு. மூன்றுமே தீப்பிடிக்கும். பளபளப்பாக இறுகியது பற்றிக்கொண்டால் சிம்னிக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். செங்கல் இணைப்புகள் விரிசல் விடும். அருகில் மர உத்திரம் இருந்தால் தீ கூரைக்கு ஏறிவிடும்.

இது சேருவதற்கு முதல் காரணம் ஈர விறகு. இங்கே எளிதாகக் கிடைப்பது கிராண்டிஸ், அதாவது யூகலிப்டஸ். வெட்டிய புதிதில் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விரட்டவே தீயின் சூடு செலவாகிறது. சிம்னி சூடேறாமல் புகைந்துகொண்டே இருக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகுதான் கணப்புக்கு ஆகும். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்தபின் கிராண்டிஸில் கோடாலி லேசில் இறங்காது. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஆகவே ஜனவரியிலேயே பிளந்து, தரையிலிருந்து தூக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போக விட்டு அடுக்குங்கள். ஆறு மாதமாவது காய வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும்.

இரண்டாவது காரணம், விடியும்வரை கணப்பு அணையாமல் இருக்கட்டும் என்று காற்று வழியை அடைத்து, பெரிய கட்டையைப் போட்டுவிட்டுத் தூங்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறு கட்டைகளாகப் போட்டு நன்றாக எரியவிட்டு, படுக்கும் முன் தீ அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புகையில்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. குழந்தைகள் தூங்கும் அறைக்குள் தணல் சட்டியைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தவே கூடாது.

வருடத்துக்கு ஒருமுறையாவது, மே மாதத்தில், சிம்னியைப் பாருங்கள். மழை இறங்கினால் உள்ளிருக்கும் கரி ஊறி வீடெல்லாம் நாறும், குழாயையும் அரிக்கும். அடுப்பு முழுக்க ஆறியபின் டார்ச்சும் போன் கேமராவும் போதும். கீழிருந்து பார்த்து, எட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, படிவின் கனத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பளபளப்பு எங்காவது தெரிந்தால் கனம் எவ்வளவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அது பிரஷ்ஷுக்கு மசியாது, தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

கரியும் செதிலும் மட்டும் என்றால் நீங்களே செய்யலாம். சிம்னியின் உள் அளவுக்குச் சரியான பிரஷ், இணைத்து நீட்டும் கம்பி, முகமூடி, கண்ணாடி. செங்கல் சிம்னிக்கு எஃகுக் கம்பிப் பிரஷ். கணப்பின் வாயை ஈரச்சாக்கால் மூடி, அறைச் சாமான்களைப் போர்த்திவிட்டுத் தொடங்குங்கள். பாசி பிடித்த ஓட்டில் ஏறுவதற்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீளும் கம்பி இருந்தால் கீழிருந்தே வேலை முடியும். கடைசியில் உச்சியில் பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சமையலறையில் பரிஷத் அடுப்பு இருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1980-களில் பரப்பிய அடுப்பு அது. நல்ல வடிவமைப்பு, விறகும் மிச்சம். ஆனால் அதன் புகைக்குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் உள்ளே சுரண்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். குழாயையே எஃகுக்கு மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மண்ணில் வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சிம்னிக்குள் ரயில் போவதுபோல் இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். காற்று வழியை அடைத்து, எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வர நேரமாகும், அதனால் தயங்காமல் உடனே கூப்பிட வேண்டும். சூடான செங்கல்லில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். தீ தானாக அடங்கிப்போனாலும், கொத்தனார் வந்து விரிசல்களைப் பார்த்து அடைக்கும்வரை அந்தக் கணப்பில் மறுபடி தீ மூட்டக்கூடாது.