விடிய எழும்பினா தொட்டி மீனெல்லாம் மிதக்குதா? தண்ணிய இறைக்க முதல் இதப் பாருங்க

மீன் செத்துக் கிடக்கிறதக் கண்ட உடன எல்லாரும் செய்யிற முதல் வேல, மோட்டரப் போட்டு தண்ணிய முழுசா இறைச்சிட்டு புதுத்தண்ணி விடுறதுதான். நானும் அதத்தான் செய்தன். மட்டக்களப்பு ஆரையம்பதியில நம்மட வளவுக்குள்ள கிணத்தடிக்குப் பக்கத்தில ஒரு சிமெந்துத் தொட்டி, பத்தடி நீளம், ஆறடி அகலம், மூண்டடி ஆழம், அதுக்குள்ள கோய் பன்ரெண்டும் திலாப்பியாக் குட்டி கொஞ்சமும் கிடந்திச்சு. ஒரு நாள் விடியப் பாத்தா ஏழு கோய் வயிறு மேல. பதறியடிச்சு தண்ணிய இறைச்சு கிணத்துத் தண்ணிய நிரப்பினன், பின்னேரத்துக்குள்ள மிச்சம் அஞ்சும் செத்திட்டுது. மறுகா ஆர் வந்து கேட்டாலும் "தண்ணி சரியில்ல போல" எண்டுதான் சொல்ல ஏலும், ஏனெண்டா அந்தத் தண்ணி தென்னைக்குப் போயிட்டு, பாக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்ல.

அதனால முதல்ல ஒரு சோடாப் போத்தல நல்லாக் கழுவி தொட்டித் தண்ணியால விளிம்பு வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடி வைங்க. புதுசாச் செத்த மீன் ஒண்ட ஷொப்பிங் பேக்கில போட்டு ஐசுக்கு மேல வைங்க, ஃப்ரீசருக்குள்ள வேணாம், உறைஞ்சா சதையெல்லாம் உடைஞ்சிடும், மறுகா ஆரும் பாத்தாலும் ஒண்டும் விளங்காது. விடிய செத்து மத்தியானம் மட்டும் வெயில்ல ஊதின மீனும் அப்பிடித்தான், நம்மட வெக்கைக்கு அது சாட்சி சொல்லாது. உயிரோட கிடக்கிற மீனுக்கு தீன் போடாதீங்க. வாளியால தொட்டித் தண்ணிய அள்ளி நெஞ்சு உசரத்தில இருந்து திரும்ப ஊத்திக்கொண்டு இருங்க, கை நோகும், பரவால்ல.

இனி யோசிக்க வேண்டியது ரெண்டு விசயம். எந்த நேரத்தில செத்தது? எது செத்தது, எது சாகல்ல? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா முக்கால்வாசிக் காரணம் கையில வந்திடும்.

ராத்திரி நல்லா இருந்த மீன் வெள்ளாப்பில செத்துக் கிடந்தா முதல் சந்தேகம் ஒட்சிசன் மேலதான். நம்மட பக்கத்து சூட்டில, தண்ணி 30 பாகை இருக்கக்குள்ள, ஒரு லீற்றருக்குள்ள கூடினாக்கூட ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைஞ்சு நிக்கும். மூண்டுக்குக் கீழ போனா மீன் திணறும், ரெண்டுக்குக் கீழ போனா கூடுதலானது தாங்காது. தண்ணி பச்சையாக் கிடந்தா பகல்ல அந்தப் பாசி ஒட்சிசன் விடும், ஆனா ராவைக்கு அதுவும் மீனோட சேந்து அதே ஒட்சிசன இழுக்கும், அடியில அழுகிற இலையும் மிச்சத் தீனும் இன்னொரு பக்கம் இழுக்கும், இப்பிடி ராமுழுக்க இறங்கி இறங்கி வெயில் வாறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஆகக் குறைவா நிக்கும். அதுதான் படுக்கப் போகக்குள்ள நல்லா நீந்தின மீன் விடியக்குள்ள இல்ல.

இதுக்கு இன்னொரு அடையாளம், பெரிசுதான் முதல்ல சாகும். பெரிய உடம்புக்கு ஒட்சிசன் கூட வேணும், குட்டிகள் மேல்மட்டத்தில காத்துப் படுற மெல்லிய தண்ணிப் படையக் குடிச்சுத் தப்பிடும். தொட்டிக்குள்ள விரால் கிடந்தா அது ஒண்டும் நடக்காத மாதிரிச் சுத்தும், ஏனெண்டா அது மேல வந்து நேரா காத்தக் குடிக்கிற சாதி. கோய் செத்து விரால் உயிரோட எண்டா முதல்ல ஒட்சிசனத்தான் நினைக்கணும். என்ட தொட்டியிலயும் செத்த ஏழும் ஆகப் பெரிய ஏழு, திலாப்பியாக் குட்டி ஒண்டும் சாகல்ல. அண்டைக்கு அதக் கண்ணால கண்டும் எனக்கு மண்டையில ஏறல்ல.

சந்தேகமா இருந்தா அலாரம் வச்சு அஞ்சு மணிக்கு எழும்பி டோர்ச்சோட போங்க. சட்டெண்டு வெளிச்சம் அடிக்காம, சத்தம் போடாமப் போய் ஓரமா நிண்டு பாருங்க. நான் ரெண்டாந்தரம் மீன் விட்டாப்பிறகு அப்பிடித்தான் பாத்தன், எல்லாம் தலைய மேல தூக்கி ஒரே சீரா வாயத் திறந்து மூடிக்கொண்டு நிக்குது, தண்ணித் தோலில சின்னச் சின்ன வட்டம், சப்புச் சப்பெண்டு ஒரு சத்தம், பக்கத்தில நாய் குரைச்சாலும் கீழ போகல்ல. ஏழு மணிக்கு வெயில் பட்டோண்ண ஒவ்வொண்டா இறங்கிட்டுது. எட்டு மணிக்கு எழும்பிப் பாக்கிற ஆளுக்கு இது ஒருநாளும் தெரியாது.

காலநிலையையும் நினைச்சுப் பாருங்க. ரெண்டு மூண்டு நாள் மப்பா இருந்தா பாசிக்கு வெயில் காணாது, பகல்ல சேக்கிற ஒட்சிசனும் குறையும், சிலவேளை பாசியே ஒட்டுமொத்தமாச் செத்து பச்சைத்தண்ணி மண்ணிறமா மாறும், அந்த ராத்திரிதான் ஆபத்து. கச்சான் காத்து அடிக்கிற ஜூன், ஜூலையில தண்ணி சூடாகி, வத்தி, மீன் நெருக்கமாகும். மாரி தொடங்கி முதல் மழை சோவெண்டு கொட்டக்குள்ள குளிர்ந்த மழைத்தண்ணி கீழ இறங்க அடித்தண்ணி மேல வரும், அடித்தண்ணியில ஒட்சிசனும் இல்ல, நாத்தம் வேற. மழை பெய்ஞ்சா மீனுக்கு சந்தோசம் எண்டு நம்ம பெத்தா சொல்லுவா, முதல் மழைக்கு அது பொருந்தாது.

தண்ணி எவ்வளவு பச்சை எண்டு அளக்க மெசின் தேவையில்ல. கைய விரிச்சு முழங்கை மட்டும் தண்ணிக்குள்ள விடுங்க, விரல் தெரியல்லையெண்டா பச்சை கூடிட்டு. தீனக் குறைங்க, பிள்ளையள் கொண்டுவந்து போடுற பாணையும் நிப்பாட்டுங்க, அடிச் சேத்த கொஞ்சங்கொஞ்சமா எடுங்க. மறுகா ஒரு விசயம், நம்மட ஆக்கள் ஃபவுண்டன வடிவுக்குப் பகல்ல போட்டு ராவைக்கு கறண்ட் மிச்சம் எண்டு நிப்பாட்டுவாங்க. மீனுக்குத் தேவை அதுக்கு நேர் எதிர். பன்ரெண்டு மணியில இருந்து விடியும் மட்டும் போடுங்க, பகல்ல நிப்பாட்டினாலும் குத்தமில்ல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினாங்களே, அப்ப எயார் பம்ப நம்பி நெருக்கமா மீன் வச்சிருந்த ஆக்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கெதியில முடியும் எண்டு. பற்றரியில ஓடுற சின்ன எயார் பம்ப் ஒண்டு வாங்கி வச்சா நல்லம்.

சரி, விடியக்குள்ள இல்ல, பட்டப்பகல்ல செத்தது எண்டா? கடைசியா தொட்டிக்குள்ள என்ன போச்சு எண்டு பாருங்க.

பைப் தண்ணி விட்டீங்களா? அதில குளோரின் இருக்கு, நமக்குப் பிரச்சினையில்ல, மீன்ட பூவ, அதான் செவுள, சுட்டிடும். சந்தையில மீன் வாங்கக்குள்ள பூவத் தூக்கிப் பாக்கிற மாதிரிப் பாருங்க, நல்ல சிவப்பா இருக்க வேண்டிய பூ வெளிறி, சளி பிடிச்சு, ஓரம் வெள்ளையாக் கிடந்தா குளோரின நினைக்கலாம். பைப் தண்ணிய பரல்ல பிடிச்சு வாய் திறந்தபடி வெயில்ல ஒண்டு ரெண்டு நாள் வச்சிட்டு விடுங்க, அவசரமெண்டா மீன் கடையில குளோரின் எடுக்கிற மருந்து கேட்டு வாங்குங்க.

"நான் பைப் தண்ணி விடல்ல, கிணத்துத் தண்ணிதான்" எண்டு சொல்லுறவங்க கொஞ்சம் பொறுங்க. வெள்ளம் வடிஞ்ச கையோட பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமார் வந்து கிணத்துக்கு குளோரின் போடுவாங்க, அது நம்மட நன்மைக்குத்தான், ஆனா அடுத்த நாளே அந்தக் கிணத்தில மோட்டரப் போட்டு தொட்டிய நிரப்பினா பைப் தண்ணிய விட மோசம். வாளியில எடுத்து மணந்து பாருங்க, நீச்சல் தடாகத்து மணம் வந்தா விடாதீங்க. குளோரினே போடாத கிணறெண்டாலும் நிலத்துக்குக் கீழ இருந்து வாற தண்ணியில ஒட்சிசன் குறைவு, குளிரும் வேற, என்ட கடைசி அஞ்சு கோயையும் கொண்டது அதுவாத்தான் இருக்கணும். கால்வாசிக்கு மேல ஒரேயடியா மாத்தாதீங்க, பைப்ப தண்ணிக்குள்ள அமத்தாம உசத்திப் பிடிச்சு காத்துப் பட விழ விடுங்க. கடற்கரைப் பக்கத்துக் கிணறெண்டா கோடையில நாக்கில வச்சும் பாருங்க, உவர் ஏறியிருக்கும்.

அடுத்தது நஞ்சு. இதில பெரிசு சின்னன் எண்டு பாகுபாடு இல்ல. கூனி இறால், தலைப்பிரட்டை, தண்ணிக்கு மேல ஓடுற பூச்சி எல்லாம் சேந்து செத்துக் கிடந்தா நஞ்சுதான், ஒட்சிசன் இல்ல. சாகிறதுக்கு முதல் மீன் வலிப்பு வந்த மாதிரி விசுக் விசுக்கெண்டு ஓடி சுவரில இடிக்கும், பாயும். டெங்கு நேரத்தில நுளம்புக்குப் புகை அடிக்கக்குள்ள கவனம். அதுக்குப் பாவிக்கிற மருந்துகள் மீனுக்குக் கொஞ்சமும் ஆகாது. கல்லடியில என்ட மச்சான் புகை அடிக்கிற வண்டி ரோட்டில வந்தோண்ண கெட்டிக்காரத்தனமா தொட்டிய தறப்பாளால மூடினவர், எயார் பம்ப மட்டும் நிப்பாட்டல்ல. பம்ப் வெளியில நிண்டு அந்தப் புகைய இழுத்து இழுத்து தறப்பாளுக்குக் கீழ தண்ணிக்குள்ளயே ஊதிக்கொண்டு இருந்திருக்கு. மூடுறதுக்கு முதல் பம்ப நிப்பாட்டுங்க, புகை அடங்கி ஒரு மணித்தியாலம் போக தறப்பாள வெளிப்பக்கமா மடிச்சு எடுங்க.

அம்பாறைப் பக்கம், வயலோரத்தில வீடு உள்ளவங்க போகத்தில மருந்தடிக்கிற நாளையும் காத்து அடிக்கிற பக்கத்தையும் பாக்கணும். வாய்க்கால் தண்ணிய தொட்டிக்கு எடுக்கிறதெண்டா அந்தக் கிழமை வேணாம். மருந்து டாங்கிய கிணத்தடியில கழுவுறதும், உடுப்புத் தோய்ச்ச சவுக்காரத் தண்ணி தொட்டிப்பக்கம் ஓடுறதும், பீலித் தண்ணிய நேரா தொட்டிக்குள்ள விடுறதும் இதே கணக்குத்தான். புதுத் தகரக் கூரையெண்டா அதில இருந்து நாகம் (சிங்க் எண்ட உலோகம்) கரைஞ்சு வரும், முதல் மாரிக்கு அந்தத் தண்ணி வேணாம். நஞ்செண்டு தெரிஞ்சா மட்டும்தான் உயிரோட உள்ள மீன வேற தொட்டிக்கு மாத்துங்க, குழம்பு வைக்க நினைக்கவே வேணாம்.

ஒரேயடியாச் சாகாம நாளைக்கு ஒண்டு ரெண்டு எண்டு ஒரு கிழமையாச் சாகுதா? அப்ப அமோனியா. மீன்ட கழிவிலயும் அழுகின தீனிலயும் இருந்து வாறது, அதத் திண்டு தீர்க்கிற நல்ல கிருமி புதுத்தொட்டியில வளர ஒரு மாதம், ஒண்டரை மாதம் எடுக்கும், நாங்க தொட்டி கட்டின அடுத்த கிழமையே முப்பது மீன் விட்டா எப்பிடி? பழைய தொட்டியிலயும் பில்டர் பஞ்ச பைப் தண்ணியில பளிச்செண்டு கழுவினா அந்தக் கிருமி செத்திடும், தொட்டித் தண்ணியிலயே அலசுங்க. பச்சைத்தண்ணியில பின்னேரம் பீ.எச். (தண்ணிட காரத்தன்மையக் காட்டுற அளவு) கூடக்குள்ள அமோனியாட நஞ்சும் கூடும், அதனால பின்னேரச் சாவெண்டா இதையும் பாருங்க. பூ சிவப்பில்லாம கோப்பித்தூள் நிறத்தில இருந்தா அது நைத்திரைட், அமோனியாவ அந்தக் கிருமி திண்ணக்குள்ள இடையில வாற இன்னொரு நஞ்சு, ரத்தத்தால ஒட்சிசனக் காவ ஏலாமப் பண்ணிடும். அதுக்கு கல்லுப்பு உதவும், ஆயிரம் லீற்றருக்கு ஒரு கிலோ, வாளியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. லீற்றர் கணக்கு லேசு, நீள அகல ஆழத்த அடியில பெருக்கி 28ஆல திரும்பப் பெருக்குங்க. என்ட தொட்டிக்கு 180 கன அடி, கிட்டத்தட்ட 5000 லீற்றர், அப்ப அஞ்சு கிலோ உப்பு. மீன் கடையில சோதிக்கிற கடதாசி விக்கிறாங்க, அத நனைச்சு நிறம் பாத்தா அமோனியாவோ நைத்திரைட்டோ எண்டு ஊகிக்கத் தேவையில்ல.

புதுச் சிமெந்துத் தொட்டி இன்னொரு கதை. சிமெந்தில இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு பீ.எச். ஏறும், மீன் சளி கக்கிச் சாகும். வாழைத்தண்ட வெட்டிப் போட்டு தண்ணிய நிரப்பி ஒரு கிழமை ஊறவிட்டு இறைக்கிறது ஊர்ப்பழக்கம், இப்பிடி மூண்டு நாலு தரம் செய்யுங்க. அவசரப்பட்டா மீன்தான் விலை.

நோயெண்டா ராவோட ராவா ஒட்டுமொத்தமாச் சாகிறது குறைவு. புண், வெள்ளைப் புள்ளி, செட்டை அரிப்பு, சுவரில உடம்பத் தேய்க்கிறது எண்டு முன்னுக்கே காட்டும். மாரியில விராலுக்கு சிவப்புப் புண் வரும், அதே தண்ணியில திலாப்பியா சும்மா திரியும். மீன் செத்து மிதக்காம எண்ணிக்கை மட்டும் குறைஞ்சா தண்ணியில பிழையில்ல, கொக்கோ கபரகொய்யாவோ பூனையோ, வலையப் போடுங்க.

இவ்வளவும் நடக்கக்குள்ள பக்கத்து வீட்டு மாமி வந்து நாவூறு எண்டுவா, இன்னொருத்தர் கருவாடு போடச் சொல்லுவார். தலையாட்டிட்டு உங்கட வேலையப் பாருங்க. காரணம் பிடிபடல்லையெண்டா அந்தப் போத்தலையும் ஐஸ் மீனையும் கொண்டு நெக்டா (அரசாங்கத்தின்ட மீன் வளர்ப்பு அதிகார சபை) ஆக்களிட்ட இல்லாட்டி மிருக வைத்தியரிட்ட கேளுங்க, எத்தின மணிக்கு, எது முதல்ல, கடைசியா தொட்டிக்குள்ள என்ன போச்சு எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டே போங்க.

மறுகா மீன் விடக்குள்ள பெரிய கோய் வாங்கி காச விடாதீங்க. அஞ்சாறு கப்பி மீன விட்டு பத்து நாள் பாருங்க, ரெண்டு தரமாவது அஞ்சு மணிக்கு டோர்ச்சோட போய்ப் பாருங்க. செத்த மீன வாவிக்குள்ள வீசாதீங்க, தென்னையடியில புதைங்க, ரெண்டடியாவது தோண்டணும், நான் ஒரு அடி தோண்டி புதைச்சு அடுத்த நாள் நாய் கிளறி ஏழு கோயையும் வாசலுக்குக் கொண்டுவந்திட்டுது.