மண்டபத்தில் இருந்து அண்டார்டிகாவுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

போன ஜனவரியில் அண்டார்டிகா தீபகற்பத்துக்குக் கப்பலில் போய்விட்டு வந்தேன். மண்டபம் திரும்பிய நாளில் இருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பென்குயினைத் தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்கிறார்கள். அடுத்து, "அங்க எப்படிப் போறது?" என்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில், இல்லை, தொடக்கூடாது. இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

பாஸ்போர்ட் எடுப்பது, டாலர் மாற்றுவது, துபாயில் விமானம் மாறுவது எல்லாம் நம் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் இருந்து, நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: வடக்கா, தெற்கா?

வெள்ளைக் கரடி பார்க்க வேண்டும் என்றால் வடக்கு. பென்குயின் பார்க்க வேண்டும் என்றால் தெற்கு. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். ஸ்வால்பார்டுக்குத் தனியாக விசா கிடையாது, ஆனால் நார்வே வழியாகத்தான் போய் வர வேண்டும். அதனால் இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசா கேட்டு வாங்குங்கள். ஒரு முறை நுழையும் விசாவோடு போனால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

நான் போனது தெற்கு. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரைதான் கப்பல் ஓடும். நவம்பரில் பனி புதிதாக இருக்கும், பென்குயின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சு பொரிக்கும். திமிங்கலம்தான் முக்கியம் என்றால் பிப்ரவரி, மார்ச்.

அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களைப் பார்க்கலாமா என்று பலர் கேட்டார்கள். முடியாது. அவை கண்டத்தின் வேறு பக்கத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல்கள் போவது தென் அமெரிக்காவுக்கு எதிரே நீண்டிருக்கும் தீபகற்பப் பகுதிக்கு.

படி 2: கப்பலைத் தேர்ந்தெடுப்பது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இருநூறு பேருக்குக் குறைவாக ஏற்றும் கப்பலில் மட்டும் போங்கள். காரணம் இதுதான். அங்கே போகும் நிறுவனங்கள் 1991-இல் ஐயாட்டோ என்ற கூட்டமைப்பை உண்டாக்கி விதிகள் வைத்திருக்கின்றன. ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. ஐநூறு பேருக்கு மேல் உள்ள கப்பல் யாரையும் கரையில் இறக்கவே கூடாது. பெரிய கப்பல் மலிவாகத் தெரியும், ஆனால் அதில் போனால் மேல்தளத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த பதினோரு வருடச் சேமிப்பில் இருந்துதான் போனேன். மூன்று பேர் தங்கும் அறை, விமானம், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. தனி அறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அறையில் தூங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை.

படி 3: விசா, ஊசி, காப்பீடு

கப்பல் அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவில் இருந்து கிளம்பும். அர்ஜென்டினா விசாவைப் பல முறை நுழையும்படி கேளுங்கள். கப்பல் ஏறினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. என் பயண முகவர் "அர்ஜென்டினா கேட்காது, தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். அர்ஜென்டினா கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் இருக்கின்றன. ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். எனக்கு இது தெரிந்தபோது பயணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இரவோடு இரவாக ரயில் ஏறி, கிண்டி கிங் ஆய்வகத்துக்கு ஓடினேன். நீங்கள் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: அண்டார்டிகாவில் இருந்து மருத்துவ அவசரத்துக்கு வெளியேற்றும் செலவு அதில் அடங்குமா? "உலகம் முழுவதும்" என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே விலக்கு வைத்திருப்பார்கள். எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

படி 4: உஷுவாயா வரை

புவனஸ் அயர்ஸில் இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் எசெய்சாவில் இறங்கும். உஷுவாயா விமானம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயில் இருந்து கிளம்பும். நடுவில் நகரத்தையே கடக்க வேண்டும். மூன்று மணி நேர இடைவெளியை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள். உஷுவாயாவுக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். பெட்டி தொலைந்தால் கப்பல் காத்திருக்காது.

படி 5: என்ன எடுத்துப் போவது

கோடைக்காலத்தில் தீபகற்பத்தில் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆளைப் படுத்துவது காற்றும் ஈரமும். பருத்தி பனியனை வீட்டிலேயே வையுங்கள், நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கும் மேல் தண்ணீர் புகாத உடை. மேல்கோட்டைப் பல நிறுவனங்கள் இலவசமாகத் தரும், முழங்கால் பூட்ஸ் கடனாகக் கிடைக்கும். தண்ணீர் புகாத பேண்ட் மட்டும் உங்கள் பொறுப்பு. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவியைக் கடையில் புகழ்வார்கள். ஆனால் ஆடும் கப்பலில் பெரிதாக்கம் கூடினால் ஆட்டமும் கூடும். தனுஷ்கோடியில் பூநாரை பார்க்க நான் வைத்திருந்த பத்து மடங்குக் கருவி, கப்பலில் பக்கத்து அறைக்காரரின் எட்டு மடங்குக் கருவிக்கு ஈடாகவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். டிரோன் எடுத்துப் போகாதீர்கள், பயணிகள் பறக்கவிட அனுமதி இல்லை.

படி 6: விதை துடைப்பு

இந்தப் படியைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அதனால் இதை மெதுவாகச் சொல்கிறேன்.

கரை இறங்கும் முன்பு கப்பலில் ஒரு சோதனை நடக்கும். நீங்கள் வெளியே போட்டுக்கொள்ளப் போகும் கோட்டு, பேண்ட், தொப்பி, பை, கேமரா முக்காலி எல்லாவற்றையும் கூடத்துக்கு எடுத்து வரச் சொல்வார்கள். தூசி உறிஞ்சும் கருவி, இடுக்கி, ஊசி எல்லாம் மேசையில் இருக்கும். தையல் இடுக்கு, பையின் அடிப்பக்கம், வெல்க்ரோ பட்டை எல்லாவற்றிலும் விதை, மண், முடி ஒன்றும் இல்லாமல் எடுக்க வேண்டும். பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கொண்டுபோனது தனுஷ்கோடிக்குத் தூக்கிப் போகும் அதே முதுகுப்பை. பக்கவாட்டு வலைப்பையில் நான்கு நெருஞ்சி முள். அடியில் இராவணன் மீசையின் முனைகள். வெல்க்ரோ முழுக்க ஒட்டுப்புல். வழிகாட்டிப் பெண் என்னோடு உட்கார்ந்து நாற்பது நிமிடம் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். "இது எந்தச் செடி, எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் சீமைக்கருவையைப் பற்றியும் சொன்னேன்.

நம்மைவிட இதை யார் புரிந்துகொள்வார்கள்? அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த சீமைக்கருவை நம் மாவட்டத்தில் கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் எப்படிப் பரவியது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். அதில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் இங்கே இருக்கின்றன, அதையும் மறக்கவில்லை. கடலுக்குள் கப்பாஃபைகஸ் பாசி. வளர்ப்புக்காகக் கொண்டுவந்தது, நம் பெண்களுக்கு வருமானமும் தந்தது. ஆனால் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்து மூடியதும் நடந்தது.

அண்டார்டிகாவில் இயற்கையாக உள்ள பூக்கும் செடிகள் இரண்டே இரண்டு. ஒன்று புல், இன்னொன்று மெத்தை போல் தரையோடு படரும் சிறு செடி. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தின் அருகே 1980-களிலேயே வெளியூர்ப் புல் ஒன்று முளைத்து, பிறகு நிலைத்துவிட்டது. மனிதர்களோடு வந்த விதைதான்.

ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள். முடிந்தால் புதுப் பை. பழைய பை என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேயுங்கள். வெல்க்ரோவை ஊக்கால் கோடு கோடாகக் கீறி எடுங்கள். என் கருத்தில் வெல்க்ரோ இல்லாத, ஜிப் வைத்த உடைகளே நல்லது. காய்ந்த பிறகு முற்றத்தில் வைக்காமல் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரம் போதும், மறுபடி விதை ஏறிவிடும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித் தேய்ப்பார்கள். 2024-இல் பறவைக்காய்ச்சல் தீபகற்பத்தை எட்டிவிட்டது. அதனால் கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைக் கீழே வைக்கவோ கூடாது. கீழே குனிந்து படம் எடுக்க வேண்டும் என்றால் குத்துக்காலிட்டு, பூட்ஸ் மட்டும் தரையில் படும்படி எடுங்கள்.

படி 7: டிரேக்கைக் கடப்பது

உஷுவாயாவில் இருந்து தீபகற்பம் வரை டிரேக் நீரிணை. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் என் அண்ணன் கிளம்பும் முன்பே சொன்னார்: "நம்ம அலை குட்டை அலைடா. ஆழ்கடல்ல வர்ற நெட்டலை வேற மாதிரி தூக்கும். கடல்காரப் பயன்னு மாத்திரை போடாம இருக்காத." அவர் சொன்னது அப்படியே சரி. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, அலை அடுத்தடுத்து வந்து மோதும். டிரேக்கில் ஒரு அலை கப்பலை நிதானமாகத் தூக்கி, நிதானமாக இறக்கும். வயிற்றுக்கு அதுதான் பழக்கமில்லை.

கப்பல் முதலில் சில மணி நேரம் அமைதியான பீகிள் கால்வாயில் போகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அங்கேயே போட்டுவிடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். பின்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை இறக்கை அசைக்காமல் கப்பலைத் தொடர்ந்து வருவதையும் அங்கேதான் பார்க்கலாம்.

படி 8: ரப்பர் படகும் கரையும்

ஸோடியாக் என்ற ரப்பர் படகில் இறங்கும்போது நம் ஊர் வல்லத்தில் குதிப்பது போலக் குதிக்கக்கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைகுலுக்குவது போலப் பிடிக்காமல், முன்கையோடு முன்கை பிடிக்க வேண்டும். காற்றடைத்த விளிம்பில் ஒரு கால், பிறகு படகின் தரையில், உடனே உட்கார வேண்டும்.

கரையில் பென்குயினிடம் இருந்து ஐந்து மீட்டர், ஃபர் சீல் (உரோமம் அடர்ந்த கடல்நாய்) என்றால் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பென்குயின்கள் கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில் பாதை போட்டிருக்கும். அதை மிதிக்காதீர்கள். உங்கள் கால் பனியில் புதைந்து பள்ளம் விழுந்தால் அதை மூடிவிட்டு நகருங்கள். அந்தப் பள்ளத்தில் பென்குயின் விழுந்தால் ஏற முடியாது. குவர்வில் தீவில் இதை ஒரு முதியவர் ஒவ்வொரு அடிக்கும் செய்துகொண்டு வந்தார். அவரைப் பார்த்து நானும் என் பள்ளங்களை அப்படியே மூடிக்கொண்டு நடந்தேன்.

திமிங்கலத்தை முதலில் வெறும் கண்ணால் தேடுங்கள். மூச்சுவிடும் நீராவி தெரிந்த பிறகு பைனாகுலரை எடுங்கள். கப்பலின் முன்முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி என்று வைத்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். கூனல் திமிங்கலம் ஒன்று எங்கள் ரப்பர் படகுக்குப் பக்கத்தில் எழுந்து மூச்சுவிட்டது. மீன் வாடை அப்படியே முகத்தில் அடித்தது. கருவாடு காயும் வாடியின் நினைவுதான் வந்தது.

பின்னால் சேர்த்தவை

கீழக்கரையில் இருந்து ஒரு அக்கா சாப்பாடு, தொழுகை பற்றிக் கேட்டிருந்தார். ஹலால், சைவம் எதுவானாலும் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள், ஏறிய பிறகு சொன்னால் கஷ்டம். டிசம்பர், ஜனவரியில் இரவு முழுவதும் வெளிச்சம் இருக்கும். நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால் திசைகாட்டியும் அவசியம்.

முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று தங்கச்சிமடத்துத் தம்பி கேட்டார். கப்பலின் பக்கத்தில் தொங்கும் படிக்கட்டில் ஏறி இறங்க முடிய வேண்டும், அதுதான் சோதனை. முடிந்தால் கரை இறங்காமல் ரப்பர் படகிலேயே சுற்றி வரலாம். முன்பே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

அவ்வளவு பணம் இல்லை, ஆனால் படகில் இருந்து பறவை பார்க்கப் பழக வேண்டும் என்று எழுதியவர்களுக்கு: குளிர்காலத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போங்கள், ஆலாக்களை எண்ணிப் பழகுங்கள். குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைக்கும் போகலாம். படகில் கால் வைக்கும் முன் செருப்பின் அடியைத் தட்டி, பையில் ஒட்டியதை எடுத்துப் போட்டுவிட்டு ஏறுங்கள்.