ஆணுறுப்பு முறிவு: நாள் கடந்துவிட்டால் என்ன செய்வது

விறைத்திருந்தபோது 'டப்' என்று சத்தம், உடனே தளர்ச்சி, வலி, அப்புறம் கத்திரிக்காய் நிறத்தில் வீக்கம் என்றால் ஆணுறுப்பின் உள்ளே இருக்கும் கெட்டியான உறை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம், இதைத்தான் ஆணுறுப்பு முறிவு என்கிறார்கள். கூச்சப்பட்டு நாலைந்து நாள் வீட்டிலேயே இருந்துவிட்டீர்களா? இனிப் போய் என்ன பயன் என்று நினைக்காதீர்கள். தாமதமாகத் தைத்தாலும் பெரும்பாலும் நன்றாகவே சேரும், அப்படியே விட்டால்தான் வளைவு, கட்டி, விறைப்புக் குறைவு எல்லாம் வரலாம்.

அங்கே எலும்பு கிடையாது, எண்ணெய்க்கட்டு போடுகிறவரிடம் போகாதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ நேரே போங்கள். ஓபி சீட்டு போடுமிடத்தில் 'அடிபட்டிருக்கு, சர்ஜரி டாக்டரைப் பார்க்கணும்' என்றால் போதும், ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ சிறுநீரே அடைத்துக்கொண்டாலோ சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கலாம், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு, பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். மொட்டுக்குக் கீழே சுற்றிலும் அறுத்துத் தோலை இறக்கியோ, கிழிசலுக்கு நேர் மேலே சின்னதாகத் திறந்தோ, உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு உறையைத் தைப்பார்கள், நூல் தானே கரைந்துவிடும். நாள் கடந்த கேஸில் வீக்கம் கெட்டிப்பட்டிருக்கும், கிழிசலைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, அதனால் சில டாக்டர்கள் வீக்கம் வடியட்டும் என்று கொஞ்ச நாள் பொறுத்தும் செய்வார்கள்.

வீடு திரும்பியபின் 4 முதல் 6 வாரம் உடலுறவு கூடாது. ராத்திரியில் தானாக விறைத்து வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை தருவார்.