மாதிரி நீராவிக் கொதிகலனுக்குச் செப்புக் குழாய் வாங்கும் முறை

மாதிரி நீராவிக் கொதிகலன் செய்ய முனைவோர் பலர், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் கண்ட அளவுக் குழாயைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகின்றனர். பழைய வரைபடங்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் அங்குலக் கணக்கில் வரையப்பட்டவை. கொதிகலனின் வெளிக்கூடாக அமையும் உடற்குழாய் நான்கு அங்குலம், அதாவது 101.6 மி.மீ. வேண்டும் என்று அவை கேட்கும். நம் சந்தையில் அதற்கு அருகில் இருப்பதோ 108 மி.மீ. குழாய். ஆகவே குழாயை முதலில் வாங்கிவிட்டு, அதன் இரு முனைகளையும் மூடும் முனைத்தகடுகளின் அளவையும், சூடான புகை செல்லும் தீக்குழாய்களின் இடைவெளியையும் அதற்கேற்பத் திருத்தி வரைந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அளவைக் காட்டிலும் முதன்மையானது செம்பின் வகை. மின்சாரப் பயன்பாட்டுக்கான செம்பில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருக்கும். அதனைச் சுடரில் செந்நிறமாகக் காய்ச்சும்போது சுடரிலுள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஊடுருவி, அந்த ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராவியாகி, உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லைகளைப் பிளந்துவிடும். நீராவியை அடைத்து வைக்கவேண்டிய உலோகத்தை அதனுள்ளேயே பிறந்த நீராவி கெடுப்பது விந்தைதான். கொதிகலனுக்கு உரியது, பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய டிஹெச்பி செம்பு. சி106, சி12200 என்னும் குறியீடுகளும் இதையே சுட்டுகின்றன. இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மின் பலகைகளிலிருந்து கழற்றிய பழைய குழாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பது நல்லது.

நம்பி வாங்கத்தக்க இடங்கள் இரண்டு. ஒன்று, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்குச் சரக்குத் தரும் கடைகள். இங்கு 54, 76, 108 மி.மீ. வெளிவிட்டங்களில் பொருத்தின்றி இழுத்த டிஹெச்பி குழாய் நேர்நீளங்களாக வரும். உடற்குழாய்க்கு இதைவிட நல்ல சரக்கு சில்லறையில் எளிதில் அமையாது. முழு நீளத்தையும் வாங்க வேண்டியதில்லை. வேலை முடிந்து மிஞ்சிய வெட்டுத்துண்டு ஓரடிக்குக் குறையாமல் கிடைத்தால் சிறிய கொதிகலனுக்குப் போதும். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஈஎன் 13348 என்னும் தர எண் அந்தத் துண்டில் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கவும்.

மற்றொன்று ஏசி, குளிர்சாதனப் பொருள் கடை. தீக்குழாய்களுக்கான சிறிய விட்டங்கள் இங்கே கிடைக்கும். இந்தத் தொழிலில் இன்றும் அங்குல அளவே வழங்குவதால், ⅜, ½ அங்குலத் தீக்குழாய் கேட்கும் வரைபடத்தை இந்த ஓரிடத்திலாவது மாற்ற வேண்டியதில்லை. சுருளாக வருவதை நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

சுவரின் தடிமனைக் கடைக்குப் போகுமுன் கணக்கிட்டுக்கொள்ளவும். பற்றவைக்கும் சூட்டில் செம்பு முழுவதும் மென்மையாகிவிடுவதால், விற்பனை அட்டவணைகளில் கடினக் குழாய்க்குக் கொடுத்திருக்கும் அழுத்த எண்கள் இங்கு உதவா. மென்மையான செம்பின் இழுவலிமையை எட்டால் வகுத்து, சூட்டுக்காக மேலும் சற்றுக் குறைத்து, அது பாதுகாப்பாகத் தாங்கும் அளவைச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வேலை அழுத்தத்தை (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில்) மி.மீ. விட்டத்தால் பெருக்கி, 400ஆல் வகுத்து, துளைகளால் வரும் நலிவுக்காக மீண்டும் 0.8ஆல் வகுத்தால், வேண்டிய தடிமன் மி.மீ. கணக்கில் வரும். 4 கிலோ அழுத்தத்தில் 76 மி.மீ. குழாய்க்கு 0.95 மி.மீ. வருகிறது, 1.5 மி.மீ. சுவருள்ள குழாய் தாராளம். அதே 1.5 மி.மீ. சுவரோடு 108 மி.மீ. குழாயை எடுத்து 6 கிலோ அழுத்தத்தில் ஓட்ட நினைத்தால், கணக்கு 2 மி.மீ.க்குச் சற்று மேல் கேட்கும். அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குழாயை மாற்ற வேண்டும். இந்தச் சூத்திரம் உட்புற அழுத்தம் தாங்கும் உடற்குழாய்க்கு மட்டுமே பொருந்தும். தீக்குழாயை வெளியிலிருந்து அழுத்தம் நெருக்குவதால் அதற்கு வரைபடம் சொல்லும் கேஜையே, அதாவது சுவர்த் தடிமன் எண்ணையே, பின்பற்றவும்.

கடையில் சொல்லும் கேஜை அப்படியே ஏற்க வேண்டாம். வெட்டு முனையில் பிசிறு இருந்தால் வெர்னியர் கூடுதலாகக் காட்டும். தராசு ஏமாற்றாது. மி.மீ. கணக்கில் வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, 0.028ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 76 மி.மீ. குழாய் 1.5 மி.மீ. சுவரோடு மீட்டருக்கு 3.1 கிலோ நிற்க வேண்டும். ⅜ அங்குலக் குழாயின் 15 மீட்டர்ச் சுருள் 22 கேஜில் ஏறத்தாழ 2.6 கிலோ, 1.9 கிலோதான் இருக்கிறதென்றால் சுவர் அரை மி.மீ.தான். விலையும் எடைக்கே என்பதால் கடைக்காரர் நிறுத்துக் காட்டத் தயங்கமாட்டார்.

தர எண் இல்லாத துண்டை வாங்க நேர்ந்தால் அதிலிருந்து விரலகலப் பட்டை ஒன்றை வெட்டி, கரியடிக்கும் மஞ்சள் கலந்த சுடரில் சில நிமிடங்கள் செந்நிறமாகவே வைத்திருந்து, தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு பக்கமும் ஒட்டும்வரை மடித்துப் பார்க்கவும். நல்ல டிஹெச்பி செம்பு ஈயம்போல மடியும். மடிப்பின் வெளிவிளிம்பில் மயிரிழை வெடிப்போ ஆரஞ்சுத் தோல்போன்ற சொரசொரப்போ தெரிந்தால் அந்தக் குழாய் கொதிகலனுக்கு ஆகாது.

முனைத்தகடுகளுக்குத் தனியாகத் தகடு தேடி அலைவதைவிட, அதே குழாயில் கூடுதலாக ஒரு துண்டு வாங்குவது எளிது. 76 மி.மீ. குழாயை நீளவாக்கில் பிளந்து, காய்ச்சி விரித்தால் சுமார் 234 மி.மீ. அகலத் தகடு கிடைக்கும், வகையும் உறுதி. வரைபடம் அதைவிடத் தடிமனான முனைத்தகடு கேட்டால் மட்டும் தகடு வாங்கவும்.

ஏசி கடைக்காரர் குழாயோடு பாஸ்பரஸ் கலந்த பிரேசிங் ராடையும் (பற்றவைக்கும் கம்பியையும்) எடுத்து வைப்பார். நிலக்கரி எரிக்கும் கொதிகலனில் புகையிலுள்ள கந்தகம் அந்தப் பற்றை அரித்துவிடும் என்பதால், காட்மியம் கலவாத, 45 முதல் 55 சதவீதம் வெள்ளியுள்ள ராடைக் கேட்டு வாங்கவும்.