மரண சாசனத்தில் தெளிவில்லாத வாசகம் இருந்தால்

"குளத்தடி வயல் இளையவனுக்கு" என்று மரண சாசனம் சொல்கிறது. ஐயாவுக்கோ இரண்டு குளங்களின் கீழும் வயல். எந்த வயல்?

முதலில் சாசனம் செல்லுபடியானதா என்று பாருங்கள். இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள்.

பிறகு முழுவதையும் வாசியுங்கள். நீதிமன்றம் ஒரு வரியைத் தனியே பிடுங்கிப் பொருள் கொள்ளாது. அது தேடுவது எழுத்தில் தெரியும் விருப்பத்தை. மனதுக்குள் இருந்ததை அல்ல. மற்ற வயல் மகளுக்கென்று வேறொரு பந்தியில் இருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் வெளிச்சாட்சியம், அதாவது சாசனத்துக்கு வெளியேயுள்ள ஆதாரம், தேவை. வாசகம் தெளிவாக இருந்தும் நிலத்தில் இரண்டு காணிகளுக்குப் பொருந்தினால், எது கருதப்பட்டது என்று காட்ட 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. காணி உறுதி (உரிமைப் பத்திரம்), நில அளவை வரைபடம், அந்த வயலை ஊரில் எப்படி அழைத்தார்கள் என்று சொல்லக்கூடிய அயல் கமக்காரர் எல்லாம் இங்கே உதவும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், பதியப்பட்ட உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

பெயர் எழுதவேண்டிய இடமே வெறுமையாக இருந்தால் நிலைமை வேறு. "எனக்குத்தான் தருவதாகச் சொன்னார்" என்ற வாய்ச்சாட்சியம் அந்த வெற்றிடத்தை நிரப்பாது. இதை நம்பி வழக்குக்குப் போகவேண்டாம்.

எல்லைகள் சரியாக இருந்து ஏக்கர்க் கணக்கு மட்டும் பிழைத்திருந்தால் பொதுவாகக் கொடை கெடாது. காணியை அடையாளம் காண முடிந்தால் போதும்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து விதிகள் (உரியவருக்குப் பின் காணி யாருக்கு என்பவை) தனியே உண்டு. பதியப்பட்ட பின்னுரித்தாளர் யாரென்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.